1994இல் எழுதிய கட்டுரையும் என் போனில் இருக்கும் நாலு பட்டனும்: பில் அக்ரி படித்தவர்கள் இருக்கிறீர்களா?

கோட்டை அகழி (வேலூர்):

எல்லோருக்கும் வணக்கம். கேள்வி கொஞ்சம் நீளம், பொறுத்துக்கொள்ளுங்கள். படித்தது கம்ப்யூட்டர் சயின்ஸ், செய்வது சாப்பாடு டெலிவரி. எந்தக் கம்பெனி என்பது வேண்டாம், எல்லாச் செயலியும் ஏறக்குறைய ஒரே மாதிரிதான். மதியம் மூன்று மணிக்கு மேல் ஆர்டர் குறையும், அப்போது கோட்டைக்கு எதிரே நிழல் பார்த்து வண்டியை நிறுத்திவிட்டு எதையாவது படிப்பேன். போன வாரம் அப்படிப் படித்தது பில் அக்ரி என்பவர் 1994இல் எழுதிய ஒரு கட்டுரை. நம் நாட்டில் பொதுமக்களுக்கு இணையம் வந்ததே 1995 ஆகஸ்ட் 15 அன்றுதான். அதற்கு முந்தைய வருடம் எழுதியதைப் படித்துவிட்டு, இந்த மனுஷன் என் வண்டியில் பின்னால் உட்கார்ந்து வந்திருக்கிறாரா என்று திரும்பிப் பார்க்கத் தோன்றியது.

தெரியாதவர்களுக்காக: அக்ரி வெளியே நின்று கல்லெறிந்தவர் இல்லை. எம்.ஐ.டி.யில் செயற்கை நுண்ணறிவில் 1989இல் டாக்டர் பட்டம் வாங்கியவர், அப்புறம் கலிபோர்னியாவில் பேராசிரியர். அடுப்படியில் நின்று சமைத்துவிட்டு, இந்தச் சாப்பாடு யாருக்குப் போகிறது, யாருக்குப் போகவில்லை என்று கேட்டவர் என்று வைத்துக்கொள்ளுங்கள்.

எனக்குப் புரிந்த அளவில் அவர் சொல்வது இது. தனியுரிமை என்றதும் நமக்கு ஒரு கண் ஞாபகம் வருகிறது. யாரோ ஒளிந்திருந்து பார்க்கிறார்கள், அரசாங்கம் பார்க்கிறது, அந்த மாதிரி. இது கண்காணிப்பு. இதில் நாம் பாட்டுக்கு வேலை செய்வோம், அவன் பாட்டுக்குப் பார்ப்பான். கம்ப்யூட்டர் நடைமுறையில் நம்மிடம் செய்வது வேறு என்கிறார். அதற்கு அவர் வைத்த பெயரை நான் 'பிடிப்பு' என்று சொல்கிறேன், நம் மொழியில் போட்டோவும் பிடிக்கிறோம், மீனும் பிடிக்கிறோம், இரண்டும் இதில் பொருந்துகிறது. முதலில் ஒருவர் வந்து நம் வேலையை ஆராய்கிறார். அதைத் துண்டு துண்டாக நறுக்கி ஒவ்வொன்றுக்கும் பெயர் வைத்து, எதற்குப் பின் எது வரலாம் என்று வரிசை போடுகிறார். அக்ரி இதைச் 'செயல் இலக்கணம்' என்கிறார். அப்புறம் அந்த இலக்கணத்தை வேலை செய்கிறவன் தலையில் ஏற்றுகிறார்கள், அதற்கேற்ற கருவியை மாட்டுகிறார்கள், சேர்ந்த பதிவுகளை வைத்து வேறு வேறு காரியம் நடக்கிறது. கடைசியில் பதிவாவதற்குத் தோதாக வேலையே மாறிப்போகிறது. கட்டுரையில் வரும் ஒரு உதாரணம், ஆள் எந்த அறையில் இருக்கிறார் என்று சிக்னல் கொடுக்கும், சட்டையில் மாட்டிக்கொள்ளும் பேட்ஜ். அன்றைக்கு அது ஆராய்ச்சிக்கூட அதிசயம்.

என் போனில் நாலு பட்டன். கடைக்கு வந்துவிட்டேன், எடுத்துக்கொண்டேன், வந்து சேர்ந்தேன், கொடுத்துவிட்டேன். இவ்வளவுதான் என் வேலை என்று அந்தப் போன் நினைக்கிறது.

போன மாதம் ஒரு ராத்திரி. காந்தி ரோட்டை ஒட்டிய சந்தில் ஒரு லாட்ஜ், மூன்றாவது மாடி, லிஃப்ட் கிடையாது. கதவைத் திறந்தது ஒரு வங்காளத்து அம்மா, மகனின் வைத்தியத்துக்காக வந்து ஒரு மாதமாகத் தங்கியிருக்கிறவர். இட்லிப் பொட்டலத்தை வாங்கிக்கொண்டு ஃபிளாஸ்க்கை நீட்டி, அரை ஹிந்தியும் அரை சைகையுமாக வெந்நீர் கேட்டார். கீழே இருக்கும் வாட்ச்மேனுக்குத் தமிழ் தவிர எதுவும் தெரியாது, இருவரும் சாயங்காலத்திலிருந்து ஒருவரையொருவர் பார்த்து விழித்துக்கொண்டிருந்திருக்கிறார்கள். நான் இறங்கிப்போய்ச் சொல்லி, அவர் காய வைத்து நிரப்பி, மறுபடி ஏறிக் கொடுத்துவிட்டு இறங்க எட்டு நிமிடம். செயலியின் கணக்கில் அந்த எட்டு நிமிடம் நான் கடைசிப் பட்டனை அமுக்காமல் இழுத்தடித்த நேரம். அமுக்கிவிட்டு உதவியிருக்கலாமே என்பீர்கள். அமுக்கினால் அடுத்த ஆர்டர் வந்து விழும், அதன் கடிகாரம் அந்த நொடியே ஓடத் தொடங்கும்.

யாரும் என்னைத் திட்டவில்லை, அதுதான் விஷயம். சூபர்வைசர் என்று ஒரு ஆள் இருந்தால் காரணம் சொல்லலாம், நாலு வசவு வாங்கிக்கொண்டு டீ குடிக்கப் போகலாம்.

என் கேள்வி இரண்டு. இப்போதுதான் கம்ப்யூட்டருக்குக் கேமரா, முக அடையாளம் என்று கண்ணே வந்துவிட்டதே, பட்டன் அமுக்காமலேயே பார்த்துத் தெரிந்துகொள்ளும் காலத்தில் அக்ரி சொன்னது இன்னும் நிற்குமா? இன்னொன்று, நம் வடாற்காடு பக்கத்துத் தொழில்களில் இதே கதையைப் பார்த்தவர்கள் உண்டா?

லாங் பஜார்:

இன்னாப்பா இது, நாலு பட்டனுக்கு நாப்பது வரி. கடையில நின்னா மொதலாளி பார்க்கிறான், ரோட்டுல ஓடுனா கம்பெனி பார்க்குது. இதைச் சொல்ல அமெரிக்காவில இருந்து ஆள் வரணுமா. அது கிடக்கட்டும், அந்த மனுஷன் இப்போ இன்னா எழுதறாரு? இவ்ளோ முன்னாடி யோசிச்சவரு இந்த ஏ.ஐ. பத்தி ஏதாவது சொல்லியிருப்பாரே.

ஓய்வுபெற்ற தமிழாசிரியர் (குடியாத்தம்):

தம்பி கோட்டை அகழி, எனக்கு அக்ரியும் தெரியாது, செயலியும் பேத்தி சொல்லிக் கொடுத்த அளவுக்குத்தான். ஆனால் இலக்கணம் என்ற சொல்லைப் பார்த்துவிட்டுப் பேசாமல் போக முடியவில்லை, அது தொழில் புத்தி.

எள்ளிலிருந்து எண்ணெய் எடுப்பதுபோல இலக்கியத்திலிருந்து இலக்கணம் எடுக்கப்படுகிறது என்பது நம் பழைய வழக்கு. மக்கள் பேசினார்கள், புலவர்கள் பாடினார்கள், அதைப் பார்த்து இலக்கணக்காரன் விதி சொன்னான். நீங்கள் விவரித்த இலக்கணமும் அப்படித்தான் தொடங்குகிறது என்பதைக் கவனித்தேன். ஒருவர் வந்து முதலில் உங்கள் வேலையைப் பார்த்துத்தானே துண்டு போடுகிறார். அந்த மட்டில் எள்ளிலிருந்துதான் எண்ணெய் எடுக்கிறார். கோளாறு அடுத்த படியில் இருக்கிறது. எடுத்த எண்ணெயைக் கொண்டுவந்து, இனிமேல் எள் இப்படித்தான் விளைய வேண்டும் என்று செடிக்குச் சொல்கிறார்.

இன்னொன்று. வகுப்பில் வழு, வழாநிலை, வழுவமைதி என்று மூன்று சொல்லிக் கொடுப்போம். தப்பு, சரி, இவை இரண்டுக்கும் நடுவே, தப்புதான், ஆனால் காரணம் இருப்பதால் ஏற்றுக்கொள்கிறோம் என்று ஒன்று. ஒருவன் தன் பசுவைப் பார்த்து 'என் அம்மை வந்தாள்' என்கிறான். பசு அஃறிணை, வந்தாள் என்பது உயர்திணை, கணக்குப்படி வழு. ஆனால் அவனுடைய பாசத்தால் அப்படிச் சொல்கிறான் என்று இலக்கணமே அதற்கு ஒரு பெயர் கொடுத்து உள்ளே உட்கார வைக்கிறது. பிள்ளைகள் இந்த இடத்தில் எப்போதும் சிரிப்பார்கள், பரீட்சையில் எப்போதும் எழுதிவிடுவார்கள்.

வெந்நீர் வாங்கிக் கொடுத்த எட்டு நிமிடம் வழுவமைதி, தம்பி. உங்கள் போனுக்கு வழுவும் வழாநிலையும் மட்டும்தான் தெரிந்திருக்கிறது. அந்த இலக்கணத்தை எழுதியவர் பாதிப் பாடத்தில் எழுந்துபோன மாணவராக இருக்க வேண்டும்.

பேரணாம்பட்டு மகள்:

ஐயா சொன்னது அழகாக இருக்கிறது, ஆனால் நான் மறுபக்கத்திலிருந்து வருகிறேன். சண்டை போட இல்லை, எங்கள் வீட்டுக் கதை அப்படி.

எங்கள் அம்மா பீடி சுற்றினவர். முதல் நாள் ராத்திரியே இலையை நனைத்து ஈரச் சாக்கில் சுற்றி வைப்பார், விடிந்தால் தகடு வைத்துக் கத்தரிப்பார், அப்புறம் முறத்தை மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்தால் எழுந்திருக்கும்போது கால் மரத்துப்போயிருக்கும். 1,000 பீடிக்கு இவ்வளவு என்று கூலி. ஏஜெண்ட் வீட்டுத் திண்ணையில் கட்டு கட்டாகப் பிரித்துப் பார்த்து, வாய் மடிப்பு சரியில்லை, தூள் குறைச்சல் என்று ஒரு கை அள்ளித் தனியே போடுவார். தள்ளின பீடிக்குக் கூலி கிடையாது, அந்தப் பீடி திரும்பியும் வராது. பாட்டி காலத்தில் இதற்கெல்லாம் பேச்சே இல்லை, ஏஜெண்ட் சொன்னதுதான் எண்ணிக்கை.

1966இல் பீடித் தொழிலாளர்களுக்கென்று தனிச் சட்டம் வந்தது, 1977இல் வருங்கால வைப்பு நிதி பீடிக்கும் வந்தது. சட்டம் வந்த உடனே வீட்டுக்கு வந்துவிடவில்லை, சங்கத்துக்காரர்கள் வருடக்கணக்கில் அலைந்த பிறகு அம்மா கைக்கு ஒரு பாஸ்புக் வந்தது. எத்தனை ஆயிரம், எந்தத் தேதி, கையெழுத்து. அவ்வளவுதான் அதில் பத்தி. நீங்கள் சொல்கிற அதே நறுக்கல்தான், ஒரு மனுஷியின் பகல் முழுக்க ஒரு எண்ணாகிவிட்டது. ஆனால் அந்த எண் இருந்ததால்தான் என் படிப்புக்கு உதவித்தொகை வந்தது, இன்றைக்கு அம்மாவுக்குச் சின்னதாக ஒரு பென்ஷன் வருகிறது. எனவே பதிவு என்றாலே பயம் என்று பேசுகிறவர்களைப் பார்த்தால் எனக்குக் கொஞ்சம் எரிச்சல்தான் வரும். பதிவே இல்லாமல் இருந்து பார்த்தவர்கள் அப்படிப் பேச மாட்டார்கள்.

இதையும் சொல்லிவிடுகிறேன், இல்லாவிட்டால் பாதிக் கதை ஆகும். அந்தப் புத்தகத்தில் ஒரு பெயருக்குத்தான் இடம். எங்கள் வீட்டில் சுற்றினது மூன்று பேர்: அம்மா, சித்தி, பள்ளிக்கூடம் விட்டு வந்து நான். சித்தி கல்யாணமாகாமல் எங்களோடு இருந்தவர், அம்மாவைவிட வேகம், வாய் மடிப்பு அச்சடித்த மாதிரி இருக்கும். மொத்தமும் அம்மா பெயரில் ஏறியது. சித்திக்கு இன்று 67 வயது, இடுப்பு வலியும் இருமலும் இருக்கிறது, பென்ஷன் கிடையாது. அம்மா மாதாமாதம் பணம் வந்ததும் பாதியை எண்ணிச் சித்தி கையில் கொடுப்பார். சித்தி ஒவ்வொரு மாதமும் வேண்டாம் என்பார், அப்புறம் வாங்கிக்கொள்வார்.

எனக்கு அக்ரியிடம் கேட்க வேண்டியது ஒன்று உண்டு. இலக்கணம் வேண்டாம் என்கிறாரா, அல்லது அதை எழுதும்போது எங்கள் திண்ணைக்கும் வந்து கேள் என்கிறாரா?

பழைய வி.ஏ.ஓ. (ஆற்காடு பக்கம்):

பேரணாம்பட்டு அம்மா சொன்னதுதான் நிஜம், பத்தியில் இல்லாதவன் ஊரிலேயே இல்லை. நான் முப்பது வருடம் எழுதினது அடங்கல், அதாவது கிராமக் கணக்கு எண் 2. புல எண், பரப்பு, யார் பெயர், என்ன பயிர், எந்தத் தண்ணீர். பசலி, அதாவது வருவாய்த்துறை ஆண்டு, தோறும் எழுதி, ஜமாபந்தி என்ற வருடாந்திரக் கணக்குச் சரிபார்ப்பில் கொண்டுபோய் வைப்போம்.

நம் பக்கத்து மானாவாரிக் கொல்லையைப் பார்த்தவர்களுக்குத் தெரியும். மல்லாட்டைக்கு நடுவே துவரை ஒரு சால், வரப்பில் ஆமணக்கு, மூலையில் வீட்டுக்கு அவரை. அடங்கலில் 'நிலக்கடலை' என்று ஒரு சொல். விளைச்சலில் பங்கு கொடுத்து வாரத்துக்கு உழுகிறவன் பெயர் பெரும்பாலும் ஏறாது, பட்டாதாரர் ஏறவிட மாட்டார், எழுதினால் நாளைக்கு உரிமை கேட்பான் என்று பயம். நானே எத்தனையோ தடவை பேனாவை எடுத்துவிட்டு மூடியிருக்கிறேன்.

ஆசிரியர் ஐயா வழுவமைதி என்றார். கணக்கில் அதற்கும் ஒரு இடம் உண்டு, கடைசியில் 'குறிப்பு' என்று ஒரு பத்தி. எழுதவும் செய்யலாம், எழுதாமல் மனதிலும் வைத்துக்கொள்ளலாம். மனதில் வைத்துக்கொள்வது கேட்க நன்றாக இருக்கும், ஆனால் ஊர்க் கணக்கு எழுதிய பழைய பரம்பரைக் கர்ணம் காலத்தில் அந்த மனதுதான் ஊரையே ஆட்டி வைத்தது. எந்த நிலத்துக்கு எந்த வில்லங்கம் என்று ஒரே ஆளுக்குத் தெரியும், அவர் வீட்டு வாசலில்தான் நிற்க வேண்டும். 1980 நவம்பரில் எம்.ஜி.ஆர். அரசாங்கம் அந்தப் பதவிகளை எடுத்ததற்கு அதுவும் ஒரு காரணம். தம்பி சூபர்வைசர் இருந்தால் காரணம் சொல்லலாம் என்கிறார். எல்லா சூபர்வைசரும் கேட்கிற ஜாதி இல்லை.

அப்புறம் யூடிஆர். 1979இல் தொடங்கி 1987 வரை நடந்த பட்டா மறுபதிவு. ஏக்கரை ஹெக்டேராக மாற்றி, பழைய பதிவேடுகளைப் பார்த்துப் புதிதாக எழுதினார்கள். அவசரத்தில் அண்ணன் பெயர் ஏறித் தம்பி பெயர் விட்டுப்போனது, அப்பா பெயர் மாறியது, பக்கத்துப் புல எண்ணோடு ஒட்டியது. பிறகு அந்தப் புத்தகத்தைத்தான் கம்ப்யூட்டரில் ஏற்றினார்கள். இன்றைக்கும் தாலுகா ஆபீஸில் வருகிற மனுவில் 'யூடிஆர் பிழை திருத்தம்' என்ற தலைப்பு தனியாக இருக்கிறது என்றால் பார்த்துக்கொள்ளுங்கள். வட ஆற்காடு 1989இல் இரண்டானது, 2019இல் வேலூர் மூன்றானது, ஆபீஸ் பெயர்ப்பலகை எல்லாம் மாறியது, அந்தத் தப்பு மட்டும் ஒரு எழுத்துகூட மாறாமல் ஒவ்வொரு ஆபீஸாகக் குடிபோயிருக்கிறது.

சீசன் பாஸ் (காட்பாடி – சென்னை):

ரயிலில் இருந்து எழுதுகிறேன், அரக்கோணம் வரைக்கும் சிக்னல் வரும் போகும், பிழை இருந்தால் மன்னிக்கவும்.

அக்ரியை நான் மூன்று வருடம் முன்னால் படித்தேன், அதன் பிறகு என் வேலையைப் பார்க்கவே கொஞ்சம் கூச்சமாகிவிட்டது. ஏனென்றால் நான் பட்டன் வைக்கிறவன். தம்பியின் செயலி இல்லை, ஆனால் அதே குலத்தொழில்.

ராணிப்பேட்டை – ஆம்பூர் பக்கத்தில் ஒரு ஷூ ஃபேக்டரிக்கு, பெயர் வேண்டாம், அப்பர், அதாவது ஷூவின் மேல்பாகம், தைக்கிற லைனுக்கு ஒரு மென்பொருள் செய்தோம். மிஷின் நின்றால் ஏன் நின்றது என்று அந்தப் பெண்ணே திரையில் தொட வேண்டும். ஊசி உடைந்தது, நூல் தீர்ந்தது, கரண்ட் இல்லை, மிஷின் ரிப்பேர், கட்டிங்கிலிருந்து பீஸ் வரவில்லை, கடைசியில் 'இதர'. இரண்டு நாள் லைனில் நின்று பார்த்துத்தான் இந்தப் பட்டியலைப் போட்டேன், என் கணிப்பில் நல்ல பட்டியல். நாலைந்து மாதத்தில் எல்லாவற்றையும்விட 'இதர'தான் உச்சத்தில் நின்றது. மேனேஜ்மெண்ட் கூப்பிட்டு, இதரவை எடுத்துவிடுங்கள், சோம்பேறித்தனத்துக்கு இடம் கொடுத்துவிட்டீர்கள் என்றார்கள். எடுத்துவிட்டேன். ஒரு வரி மாற்றம், பத்து நிமிட வேலை.

அடுத்த மாதம் ஊசி உடைவது தாறுமாறாக ஏறிவிட்டது. ஸ்டோரில் ஊசி பெட்டி பெட்டியாக வாங்கி அடுக்கினார்கள், சப்ளையரை மாற்றுவதா என்று மீட்டிங் போட்டார்கள். ஊசி ஒன்றும் உடையவில்லை. 'இதர' என்பது என்ன என்று ஒரு அக்காவிடம் டீ நேரத்தில் கேட்டேன். புதுப் பெண் அழுதுகொண்டிருந்தாள், கூட்டிப்போய் முகம் கழுவ வைத்தேன். பக்கத்து மிஷினில் நூல் இறுக்கம் சரியில்லை, மெக்கானிக் வருவதற்குள் நானே பார்த்துவிட்டேன். இதையெல்லாம் எதில் போட, பட்டியலிலேயே ஊசிதான் முதலில் இருக்கிறது, அதைத் தொட்டுவிட்டேன் என்றார்.

அந்தப் 'பிடிப்பு' என்ற சொல்லில் அக்ரி இரண்டு அர்த்தம் பார்க்கிறார். ஒன்று, தரவை உள்ளே வாங்குவது. இன்னொன்று, ஒரு விஷயத்தின் சாரம் முழுவதும் நம் வடிவமைப்புக்குள் வந்துவிட்டது என்று எங்களைப் போன்றவர்கள் சொல்லிக்கொள்வது. நாங்கள் முதலாவதைச் செய்துவிட்டு இரண்டாவது நடந்துவிட்டதாக நம்பிவிடுகிறோம். ஊசிக் கணக்கு உள்ளே வந்தது. அழுத பெண் வரவில்லை.

பேரணாம்பட்டு சகோதரிக்கு: இலக்கணமே வேண்டாம் என்று அவர் சொன்னதாக நான் படிக்கவில்லை. 1997இல் எழுதிய இன்னொரு கட்டுரையில், தொழில்நுட்பக்காரன் ஒரு காலை வடிவமைப்பிலும் இன்னொரு காலை அந்த வேலையையே கேள்வி கேட்பதிலும் ஊன்றி நிற்க வேண்டும் என்கிறார். அதில் தன்னைப் பற்றியும் சொல்கிறார்: சமூகவியல், தத்துவம் படிக்கத் தொடங்கியபோது எல்லாவற்றையும் கம்ப்யூட்டர் வரைபடமாக மனதுக்குள் மாற்றி மாற்றிப் பார்த்திருக்கிறார், அப்புறம்தான் மாற்றுவதை நிறுத்திவிட்டு அந்தந்த மொழியை அதன் போக்கிலேயே கற்றுக்கொள்ள வேண்டும் என்று உறைத்திருக்கிறது. உங்கள் திண்ணைக்கு வருவது என்றால் எனக்கு அதுதான் அர்த்தமாகப் படுகிறது. சித்தி பெயர் ஏன் ஏறவில்லை என்று மென்பொருள்காரன் கேட்டிருக்க மாட்டான். ஒருவருக்கு ஒரு புத்தகம், திரை சுத்தமாக இருக்கும் என்று முடித்திருப்பான். நானும் அப்படித்தான் முடித்திருப்பேன்.

தம்பியின் முதல் கேள்விக்கு வருகிறேன். கண் வந்த பிறகும் இலக்கணம் போகவில்லை. நூறு நாள் வேலையையே எடுத்துக்கொள்ளுங்கள். 2023 ஜனவரி 1 முதல் எல்லா வேலைத் தளத்திலும் செயலி வழியாக நாளுக்கு இரண்டு தடவை போட்டோ எடுத்து வருகைப் பதிவு என்று கட்டாயமாக்கினார்கள். கேமராதான், கண்தான். ஆனால் ஏரிக்கரையில் எவ்வளவு மண் வெட்டினார்கள் என்று அது பார்க்கவில்லை, இரண்டு நேரத்தில் இரண்டு படம் வந்ததா என்று பார்க்கிறது. படம் கேட்டால் படம் கிடைக்கும். 2025 ஜூலையில் மத்திய ஊரக வளர்ச்சி அமைச்சகமே சுற்றறிக்கை விட்டது, சம்பந்தமில்லாத படங்களை ஏற்றுகிறார்கள், படத்தையே படம் எடுத்து ஏற்றுகிறார்கள் என்று. எங்கள் ஊசிக்கு அண்ணன் இது.

முகத்தைப் பற்றி அக்ரி 2001இலேயே தனியாக எழுதினார். அந்த வருடம் அமெரிக்காவில் ஒரு பெரிய கால்பந்துப் போட்டிக்கு வந்த கூட்டத்தின் முகங்களை அவர்களுக்குத் தெரியாமல் ஸ்கேன் செய்து பார்த்தார்கள். முகம் பார்கோடு இல்லை, பொது இடத்தில் இதைச் செய்யக்கூடாது என்று, எதிர்த்தரப்பு என்னென்ன சொல்லும் என்று ஒவ்வொன்றாக எடுத்துப் பதில் சொல்லியிருக்கிறார். 2002இல் இன்னொன்று: இணையம் வந்தால் எல்லாம் தலைகீழாகும் என்ற பேச்சு நடந்த காலத்தில், அது புதிதாக ஒன்றைக் கொண்டுவருவதைவிட ஏற்கனவே இருக்கிற சக்திகளைப் பெருக்கிவிடும் என்றார். வி.ஏ.ஓ. ஐயாவின் யூடிஆர் கதையைப் படித்தபோது எனக்கு அதுதான் ஞாபகம் வந்தது.

சோளிங்கர் தாண்டியாயிற்று, சிக்னல் போகப்போகிறது.

லாங் பஜார்:

சரி ஒத்துக்கிறேன், ஊசி மேட்டர் சூப்பர். எங்க கடையிலயும் பில் மிஷின்ல 'மற்றவை'ன்னு ஒண்ணு கீது, பாதி யாவாரம் அதுலதான் ஓடுது, ஆடிட்டர் தலையில அடிச்சிக்கிறாரு. ஆனா நான் கேட்டதுக்கு யாரும் பதில் சொல்லலையே. அந்த ஆள் இப்போ எங்க?

கோட்டை அகழி (வேலூர்):

அண்ணா, எழுதுவதில்லை. பேராசிரியர் வேலையை விட்டுவிட்டுத் தொடர்பில்லாமல் போனார். 2009இல் குடும்பத்தார் காணவில்லை என்று புகார் கொடுத்தார்கள், நண்பர்கள் தேடினார்கள், 2010 தொடக்கத்தில் போலீஸ் அவரைப் பார்த்து, நலமாக இருக்கிறார் என்று சொன்னது. அதோடு சரி, பொதுவெளிக்குத் திரும்பவில்லை. ஏன் என்று தோண்ட எனக்கு மனமில்லை. பிடிப்பைப் பற்றி எழுதியவர் பிடிபடாமல் இருக்க விரும்பினால் இருந்துவிட்டுப் போகட்டும்.

தமிழாசிரியர் ஐயா, 'வழுவமைதி' என்பதை எங்கள் பையன்களிடம் சொன்னேன், இரண்டு நாளாக அதுதான் எங்கள் குழுவில் சங்கேத வார்த்தை. யாராவது லேட் என்றால் "வழுவமைதிடா" என்கிறார்கள். வி.ஏ.ஓ. ஐயா, சூபர்வைசரைப் பற்றி நீங்கள் சொன்னது குத்தியது, எனக்குக் கிடைத்த ஒரே சூபர்வைசர் நல்லவர், அதை வைத்துப் பேசிவிட்டேன். அப்புறம், எங்கள் தாத்தா நிலம் ஒன்றிலும் யூடிஆரில் பெயர் விட்டுப்போயிருக்கிறது, தனியாகக் கேட்கிறேன்.

அக்கா, உங்கள் சித்தி கதையைப் படித்துவிட்டு நேற்று சரியாகத் தூங்கவில்லை. நாங்களும் அப்படி ஒன்று செய்கிறோம் என்று அப்போதுதான் உறைத்தது. எங்களில் ஒருவன் கணக்கு முடங்கிவிட்டால் இன்னொருவன் கணக்கில் ஓடுவான், ராத்திரி காசைப் பிரித்துக்கொள்வார்கள். ஓட்டினது இவன், போனில் இருப்பது அவன். விபத்து ஏதாவது ஆனால் காப்பீட்டுக்குப் போய் நிற்கப்போவது யார் என்று இதுவரை யாரும் யோசிக்கவில்லை. நேற்று கேட்டேன், கொஞ்ச நேரம் யாரும் பேசவில்லை, அப்புறம் ஆர்டர் வந்துவிட்டது.

சீசன் பாஸ் அண்ணா, உங்களிடம் ஒன்றை ஒப்புக்கொள்ள வேண்டும். வெந்நீர் ராத்திரி, தாமதத்துக்குக் காரணம் கேட்டு ஒரு பட்டியல் வந்தது. வாடிக்கையாளர் போன் எடுக்கவில்லை, முகவரி கண்டுபிடிக்க முடியவில்லை, வண்டிக் கோளாறு. இதர இல்லை. நான் முகவரியைத் தொட்டேன், யாருக்கும் கெடுதல் இல்லை என்று நினைத்துத்தான். இப்போது அந்த லாட்ஜுக்கு ஆர்டர் விழுந்தால் மேலே மஞ்சளாக ஒரு வரி வருகிறது, முகவரியைச் சரிபார்க்கவும் என்று. என் போனில் மட்டும்தான் வருகிறது என்று நினைத்தேன். முந்தாநாள் சத்துவாச்சாரிப் பையன் ஒருவன், புதுசு, அந்த வரியைப் பார்த்துவிட்டு ஆர்டரை வேண்டாம் என்று தள்ளினான், என் கண் முன்னால்.

அவன் தள்ளினதை நான் எடுத்துக்கொண்டு போனேன். இரண்டாவது மாடி, வேறு யாரோ, அஸ்ஸாம் பக்கம் என்றார்கள். மூன்றாவது மாடி அம்மா ஊருக்குப் போய்விட்டாராம், வாட்ச்மேன் சொன்னார். ஃபிளாஸ்க்கை அவரிடமே கொடுத்துவிட்டுப் போயிருக்கிறார்.